பொட்டு வைத்த படமும் வைக்காத படமும்

போன செவ்வாய்க்கிழமை பூங்காவனத்தக்கா மறுபடி வந்தாள். கையில் மறுபடி அதே பழுப்பு உறை.

விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிர்ச்சந்தில் ஓர் அறையில் விண்ணப்பங்கள் டைப் அடித்துக் கொடுக்கிறவள் நான். எனக்கு அந்த உறைகள் பழக்கம். கனமாக இருந்தால் அனுமதி. லேசாக இருந்தால் இல்லை.

இது லேசாக இருந்தது.

"படிங்கம்மா. என்னா எழுதிக்கிறாங்க?"

படித்தேன். மலாயா போக அவளுக்கு அனுமதி இல்லை. இரண்டாம் முறையாக இல்லை.

முதல் முறை ஏன் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் இரண்டாவது புரியும்.

பூங்காவனத்துக்குத் திண்டிவனத்திலிருந்து திருவக்கரை போகிற வழியில் ஒரு கிராமம். கணவன் ஏழுமலை மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். சண்டைக்குக் கொஞ்சம் முன்னால் பிரசவத்துக்காக இவள் ஊர் வந்தாள். பெண் குழந்தை பிறந்தது. அப்புறம் மலாயாவுக்குள் ஜப்பான்காரன் வந்தான், கப்பல் நின்றது, கடிதமும் நின்றது.

சண்டை முடிந்து ஊர் திரும்பிய ஒருவர், ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதை வேலையில் ஏழுமலை காய்ச்சலில் கிடந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். பிழைத்திருக்க வழியில்லை என்றும் சொன்னார். ஊர் இன்னொரு மல்லாட்டை அறுவடை வரைக்கும், கடலை பறித்து முடிகிற வரைக்கும், காத்திருந்தது. பிறகு கருமாதி செய்தார்கள். தாலியைக் கழற்றினார்கள். பொட்டை அழித்தார்கள்.

அதற்கப்புறம் ஏழுமலையிடமிருந்து கடிதம் வந்தது!

பிழைத்துக்கொண்டேன், பழைய தோட்டத்திலேயே வேலை, நான் கிளம்பி வந்தால் திரும்ப விடுவார்களோ மாட்டார்களோ, நீ பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்துவிடு... இவ்வளவுதான் கடிதம். அவனுக்கு எழுதத் தெரியாது. யாரையோ எழுதச் சொல்லிக் கைநாட்டு வைத்திருந்தான்.

ஊரே அழுது சந்தோஷப்பட்டது. ஆனால் பெரியவர்கள் ஒன்று சொன்னார்கள் - கழற்றின தாலி தானாக ஏறாது, அவன் கையால்தான் ஏற வேண்டும். சரி, அங்கே போய்க் கட்டிக்கொள்ளட்டும் என்று முடிவாயிற்று.

இப்படித்தான் அவள் முதலில் என்னிடம் வந்தாள். மடியில் அவித்த மல்லாட்டை, பக்கத்தில் பெண் ரஞ்சிதம். மலாயா விண்ணப்பத்துக்கு என் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறது. கணவன் கடிதம், அம்மை குத்திய சான்று, குழந்தையின் பிறப்புப் பதிவு, போட்டோ இரண்டு. தோட்டத்து மானேஜரின் கடிதமும் உண்டு. அது மட்டும் கிடைக்கவில்லை. பழைய துரை போய்விட்டார், புதியவர் பதில் போடுகிறவர் இல்லை.

போட்டோவுக்குக் கடைத்தெரு ஸ்டூடியோவுக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். ஸ்டூடியோக்காரர் அவள் நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார்.

"புருசன்கிட்ட போறேன்ற, நெத்தி காலியா கீதே? படத்துல மை தொட்டு ஒரு பொட்டு வச்சிக் குடுத்துடட்டுமா? ஒரு பேஜாரும் இல்ல."

"வேணாங்க. அவுரு வந்து... இல்ல, நான் போயி அவுரு கையால வச்சிக்கறேன்."

என் பட்டியலில் பொட்டு இல்லை. எந்த ஆபீஸ் பட்டியலில்தான் இருக்கிறது? அனுப்பிவிட்டோம்.

அனுமதி கொடுக்கிற மதராஸ் ஆபீஸ் அதை ஊர் மணியக்காரரிடம் விசாரணைக்கு அனுப்பியது. படம் அவர் கைக்கு வந்தது. நெற்றியில் பொட்டு இல்லையே, இவள் விதவையா என்று கேட்டிருந்தார்கள். ஆமாம், கருமாதி நடந்தது என்று எழுதினார். கணவன் இறந்துவிட்டதால் கணவனிடம் போக அனுமதி இல்லை என்று மதராஸ் எழுதியது. கைநாட்டுக் கடிதத்தை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாமாம்.

உயிரோடு இருப்பதற்கு மூச்சு விடுவது மட்டும் போதாது போலிருக்கிறது.

இதைக் கேட்டு ஏழுமலையின் தங்கை முனியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஊர்க் கூட்டத்தில் நடுவில் போய் நின்றாளாம்.

"உங்களுக்கு என்னா தெரியும்? கல்யாணத்துல அண்ணன் ஒரு முடிச்சு போட்டான், மீதி முடிச்செல்லாம் நான்தான் போட்டேன். இப்பவும் போடறேன். அண்ணன் உசுரோட கீறான், அண்ணி நெத்தி ஏன் மூளியா கெடக்கணும்? யாருன்னா தடுங்க, பாக்கறேன்!"

யாரும் தடுக்கவில்லை. நாத்தனாரின் கைக்கும் அந்த உரிமை கொஞ்சம் உண்டு என்று பெரியவர்களே ஒப்புக்கொண்டார்கள். மாரியம்மன் கோயிலில் வைத்து முனியம்மா மஞ்சள் கயிறு கட்டினாள்.

நாங்கள் புதுப் படம் எடுத்தோம். பெரிய பொட்டு. கயிறு தெரிகிற மாதிரி முந்தானையை நானே ஒதுக்கிவிட்டேன். ஸ்டூடியோக்காரர்கூடச் சிரித்தார்: "இப்பதான் மலாயா களை வந்துக்கீது!"

செவ்வாய்க்கிழமை வந்த உறை அந்தப் படத்துக்கான பதில். என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'விண்ணப்பதாரர் விதவையாக இருந்து சமீபத்தில் மறுமணம் செய்துகொண்டவர். ஆகவே மலாயாவில் இருப்பதாகச் சொல்லப்படுபவர் அவர் கணவர் அல்ல.'

அடுத்த பாசஞ்சரில் இருவரும் திண்டிவனம் போனோம். தாலுகா ஆபீஸ் வராந்தாவில் மணியக்காரரைப் பிடித்தோம். கெட்ட மனிதர் இல்லை. எங்களைப் பார்த்ததும் அவர் முகமே சுண்டிப்போயிற்று.

"நீங்களே சொல்லுங்கம்மா. கருமாதி நடந்தது நெசமா, இல்லியா?"

"நிஜம்."

"போன மாசம் தாலி ஏறினது நெசமா, இல்லியா? தாலி எப்ப ஏறிச்சின்னு கேட்டாங்க. எழுதினேன். நான் பொய் ஒண்ணும் எழுதலியே!"

"கட்டினது நாத்தனார்னு எழுதினீங்களா?" என்றேன்.

"அதுக்குக் கேள்வியே இல்லியேம்மா."

உண்மைதான். ஊரில் யாரும் பொய் சொல்லவில்லை. மதராஸிலும் யாரும் சொல்லவில்லை. அத்தனை பேரும் உண்மையே பேசி ஒரு பெண்ணைக் கரையிலேயே நிறுத்திவிட்டார்கள். பொய்யாக இருந்தால் மறுக்கலாம். இதை எப்படி மறுப்பது?

திரும்பி வந்து மேல்முறையீடு அடிக்க உட்கார்ந்தேன். ரஞ்சிதம் வாசலில் நின்று ரயில் பார்த்துக்கொண்டிருந்தாள். கப்பலுக்கென்று தைத்த பாவாடை இப்போது அவள் முழங்காலுக்கு ஏறிவிட்டது. அப்பாவை அவள் இன்னும் பார்த்ததில்லை.

பூங்காவனம் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டே கேட்டாள்:

"ஏம்மா, மறுபடி படம் எடுக்கணுமில்ல... இந்த வாட்டி பொட்டு வச்சிக்கினு போவட்டா, அழிச்சிட்டுப் போவட்டா?"

எல்லாவற்றுக்கும் பட்டியல் வைத்திருக்கிறவள் நான். காகிதத்தைச் செருகித் தேதியை மட்டும் அடித்தேன்.

அந்தக் காகிதம் இன்னும் மிஷினில்தான் இருக்கிறது.