நாமகிரி டீச்சர் போட்ட நாற்பத்துமூன்று

சின்ன காஞ்சிபுரத்து நாமகிரி டீச்சர் மார்க் விஷயத்தில் எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவர். முப்பது வருஷம் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தார். ஒருவருக்கும் ஐம்பதைத் தாண்டிப் போட்டதில்லை. ஒரு படி விட்டுப்போனால் முழுக் கணக்கும் போச்சு. ஸ்கேல் வைக்காமல் கோடு போட்டால் அதற்கும் ஒரு வெட்டு.

"ஒன்பதாவதுல பயந்தாத்தான் பத்தாவதுல நூறு வரும். ஒன்பதாவது மார்க்கை எந்தக் காலேஜ்ல பாக்கறா?" என்பார்.

அது உண்மையும்தான். காலேஜுக்கு வேண்டியது பிளஸ் டூ மார்க். ஒன்பதாவது ரேங்க் கார்டு பரணில் கிடக்கும். தறிக்காரர் திருஞானசம்பந்தம் தன் மகள் இளவரசியைக் கொண்டுவந்து விட்டபோது, "கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிடுங்கமா" என்றுதான் சொன்னார். டீச்சரும் உரித்தார். பத்தாவதில் இளவரசி கணக்கில் நூறு வாங்கினாள். டீச்சருக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட ஏறியது.

2002 கடைசியில், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த இளவரசி ஓர் அமெரிக்கக் கல்லூரியின் விண்ணப்பத்தோடு வந்து நின்றாள். படிப்பு, சாப்பாடு, விமான டிக்கெட் எல்லாம் அவர்கள் பொறுப்பு. வெளிநாட்டுப் பிள்ளைகளில் பத்துப் பேரைத்தான் அப்படி எடுப்பார்கள்.

"டீச்சர், ஒன்பதாவதுலேர்ந்து நாலு வருஷ மார்க்கும் கேக்கறாங்க. எல்லாம் நல்லாதான் இருக்குது. உங்க கணக்குல மட்டும் நாப்பத்திமூணு."

டீச்சர் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போனார்.

தலைமையாசிரியர் வேலாயுதம் சுலபமான வழி சொன்னார். "நாலை எட்டாக்கி அனுப்புங்க டீச்சர். அமெரிக்காக்காரன் இங்க வந்தா பாக்கப் போறான்?"

"மாட்டினா அந்தப் பொண்ணு பேர்தான் கெடும், ஸார்."

மறுத்துவிட்டு டீச்சர் கல்லூரிக்கே ஒரு கடிதம் எழுதினார். அந்த வருஷம் வகுப்பிலேயே அதிக மார்க் நாற்பத்துமூன்றுதான் என்றும், பிழை தன்னுடையது, பெண்ணுடையது அல்ல என்றும் எழுதி முடிக்க மூன்று நாள் ஆயிற்று. வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஏப்ரலில் பதில் வந்தது. இடமில்லை. காரணம் எதுவும் சொல்லவில்லை. நாற்பத்துமூன்றினாலா, பத்து இடத்துக்குப் பல்லாயிரம் பேர் முட்டி மோதியதாலா, யார் கண்டது? டீச்சர் பழியை முழுசாகத் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

இளவரசிக்குச் சென்னையில் இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. ஒன்பதாவதைப் பற்றி அங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. சேருவதற்கு முன் மைசூர்பாகோடு டீச்சர் வீட்டுக்கு வந்தாள்.

"உங்க மேல கோவமெல்லாம் இல்ல டீச்சர். ஒன்னே ஒன்னு சொல்லுங்க. நீங்க வெட்டாம இருந்தா அன்னிக்கு எனக்கு எவ்ளோ வந்திருக்கும்?"

எண்பதா, தொண்ணூறா? முப்பது வருஷத்தில் ஒரே ஒரு தாளைக்கூட டீச்சர் வெட்டாமல் கூட்டிப் பார்த்ததில்லை.

"தெரியாதும்மா" என்றார்.