கோடு பின்னால் விழ வேண்டும்

வாரத்தில் ஆறு நாளும் ஸ்டூடியோக்காரர் வாயில் ஒரே பேச்சுதான்: "ஆடாதீங்க, தாடையைக் கொஞ்சம் இறக்குங்க." பாஸ்போர்ட் படம் எடுத்தே இருபது வருடம் ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிற்காமல் ஓடுகிறவர்களைத் தேடிப் போவார். சைக்கிள் பந்தயம் எங்கே நடந்தாலும் ஏதாவதொரு வளைவில், கேமராவில் பழைய ஃபிளாஷை மாட்டிக்கொண்டு நிற்பார்.

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஷட்டரை முப்பதில் ஒரு பங்கு நொடி திறந்து வைத்து, வண்டியோடு இடுப்பைத் திருப்பினால் சுற்றிலும் எல்லாம் கோடாக இழுபடும். ஃபிளாஷ் அடித்த கணத்தின் முகம் மட்டும் தெளிவாக நிற்கும். இது கைக்கு வரும்வரை, கடைப் பக்கமாக சைக்கிளில் போகும் தபால்காரரை நானூறு தடவையாவது எடுத்திருப்பார். கடைசியில் தபால்காரர் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தார்.

போன வருடம் ஒரு சொதப்பல். ஷட்டர் மூடும்போது அடிக்க வேண்டிய ஃபிளாஷ், திறந்ததுமே அடித்துவிட்டது; பட்டனை மாற்றி வைக்க மறந்திருந்தார். இழுபட்ட கோடெல்லாம் சக்கரத்துக்கு முன்னால் விழுந்தது. படத்தில் இருந்தது அவர் தங்கை. பின்னோக்கிப் பறப்பவள் போல் இருந்தாள். அன்றிலிருந்து சைக்கிள் கிளப்பில் அவளுக்குப் பெயர் 'ரிவர்ஸ்'.

இந்த வருடம் அவளுக்குக் கடைசிப் பந்தயம். முழங்காலில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது.

"ஒழுங்கா ஒரே ஒரு படம் எடுத்துக் குடுண்ணா. ரிவர்ஸ்ங்கற பேரோட வீட்டுல போய் உட்கார முடியாது."

"போன தடவை பட்டனை மறந்துட்டேம்மா."

"இந்தத் தடவை என்னை மறந்துடாத."

கிளப் செயலாளரும் சொல்லியிருந்தார்: "முன்னாடி வர்றவங்க படம் கண்டிப்பா வேணும் சார், போஸ்டருக்கு." இவரும் தலையாட்டியிருந்தார்.

மேகமூட்டமான காலை. பந்தயம் அந்த வளைவை ஒரே முறைதான் கடக்கும். பட்டனை மூன்று தடவை பார்த்துக்கொண்டார். முதலில் நீலச் சட்டைக்காரி வந்தாள். அவளுக்கு இரண்டே நொடி பின்னால் தங்கை. ஒருமுறை அடித்தால் அந்த ஃபிளாஷ் மறுபடி தயாராக நான்கு நொடி ஆகும்.

கட்டைவிரலால் ஃபிளாஷை அணைத்துவிட்டு நீலச் சட்டையை எடுத்தார். உடனே ஃபிளாஷை மறுபடி போட்டார். தங்கையோடு திரும்பினார். வெளிச்சம் அடித்தது.

சாயங்காலம் செயலாளர் படங்களைப் பார்த்தார். "முதல்ல வந்தவங்க எங்க சார்?"

"இதோ."

"இது வெறும் நீலக் கோடு."

"அவங்கதான் சார்."

செயலாளர் படத்தை மேசைமேல் வைத்தார். "அடுத்த தடவைக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

"சரி சார்," என்றார்.

தங்கை மறுநாள் கடைக்கு நொண்டிக்கொண்டே வந்தாள். படத்தை வாங்கியதும் முகத்தைப் பார்க்கவில்லை; சக்கரத்தில் விரலை வைத்து, கோடு எந்தப் பக்கம் போகிறதென்று தடவிப் பார்த்தாள்.

"பின்னாடிதான்," என்றாள். பிறகுதான் முகத்துக்கு வந்தாள். "ஐயோ, நாக்கு தொங்குதே! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாண்ணா?"

"கடைக்கு வந்து உட்கார்ந்திருந்தா சொல்லியிருப்பேன்," என்றவர், காத்திருந்த ஆளைப் பார்த்துத் திரும்பினார். "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க."