'மீண்டும் வாங்க' சொல்லாத ஜமீலாக்கா

காலைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. புதுக் கம்பெனி வந்த பிறகு, கடை திறப்பதற்கு முன்னால் நாம் எல்லோரும் வட்டமாக நின்று கைதட்டி, "இன்று நமது நாள்" என்று மூன்று முறை சொல்ல வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். இரண்டாவது முறை சொல்லும்போது என் செல்போன் அடித்தது. ஜமீலாக்காவின் மகள் ரிஸ்வானா. "ஆன்ட்டி, உம்மா மௌத்தாயிட்டாங்க" என்று அம்மாவின் சாவைச் சொன்னாள். சிறுநீரகக் கோளாறால் ஒரு மாதமாகப் படுத்திருந்தவர்தான். ஆனாலும் மனம் ஏற்கவில்லை. நான் போனைக் காதில் வைத்தபடி நிற்க, நீங்கள் எல்லோரும் மூன்றாவது முறையும் சொல்லிக் கைதட்டி முடித்தீர்கள்.

மன்னார்குடியில் நம் ஜவுளிக்கடை ஒரு குடும்பத்தின் கையில் இருந்த காலத்தில், நானும் அவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அதனால் அக்கா. கூத்தாநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கணவர் சவுதியில் முதுகில் அடிபட்டுத் திரும்பியவர். மகள் அப்போது திருவாரூரில் படித்துக்கொண்டிருந்தாள். வீடு முழுக்க அவர் வேலையை நம்பித்தான் இருந்தது. அதைப் பற்றி நாம் ஏதாவது கேட்டால், "எல்லார் வீட்லயும் அடுப்பு எரியிது, நம்ம வீட்லயும் எரியிது" என்று பேச்சை முடித்துவிடுவார்.

சேலைப் பிரிவில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. தை அறுவடை முடிந்து வேன் பிடித்து வரும் கல்யாணக் கூட்டத்தில் பதினைந்து பேர் இருப்பார்கள், பதினைந்து பேரும் பேசுவார்கள். அக்கா அவர்களில் வாயே திறக்காத ஒரு அத்தையைக் கண்டுபிடித்து, சேலையை அவர் பக்கம் விரிப்பார். அந்த அத்தை தலையசைத்தால் வியாபாரம் முடிந்தது என்று அர்த்தம். நான் அறுபது சேலையை விரித்துவிட்டு மடிக்க முடியாமல் திட்டிக்கொண்டிருப்பேன்.

இன்னொரு கூட்டத்தையும் அவர் பார்த்த மாத்திரத்தில் அறிவார். சாவு வீட்டுக்குக் கோடித் துணி எடுக்க வருகிறவர்கள். தலை வாராமல் வருவார்கள், நிறம் பார்க்க மாட்டார்கள், விலை பேச மாட்டார்கள். அவர்களை நம் ஊரில் எந்தக் கடையிலும் "வாங்க" என்று அழைப்பதில்லை. போகும்போது "போயிட்டு வாங்க" என்று சொல்வதும் இல்லை. அக்கா கேட்காமலே துணியை எடுத்து வைப்பார். குத்துவிளக்குப் படம் போட்ட கடைப் பையைத் தவிர்த்து, வெறும் தாளில் சுற்றித் தருவார். "எங்கள்ல கோடி போடுற பழக்கம் இல்ல. ஆனா இந்தக் கவுண்டர்ல எத்தன வருசம் நின்னிருக்கேன்" என்பார்.

பிறகு சென்னைக் கம்பெனி கடையை வாங்கியது. யூனிஃபார்ம் வந்தது, கேமரா வந்தது. சிரித்த முகம், அழுத முகம் பொத்தான்கள் வைத்து, வாடிக்கையாளர் நமக்கு மார்க் போடும் பெட்டி வாசலில் வந்தது. வருகிற எல்லோரிடமும் "வணக்கம், வாங்க", போகிற எல்லோரிடமும் "மகிழ்ச்சி, மீண்டும் வாங்க" என்று பல் தெரியச் சிரித்துச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் சீக்கிரம் பழகிவிட்டதால் என்னைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். தலைகால் புரியவில்லை எனக்கு.

அந்த மிதப்பில்தான் அந்தத் தப்பைச் செய்தேன். ஒருவர் தங்கை புருஷன் இறந்த வீட்டுக்குக் கோடி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். நான் முகமெல்லாம் சிரிப்பாக, "மகிழ்ச்சி, மீண்டும் வாங்க!" என்றேன். அவர் நின்றார். "இன்னொரு கோடி எடுக்க வரணுமாம்மா?" என்றார். அக்கா கவுண்டரை விட்டு ஓடி வந்தார். "அண்ணே, அவ கம்பெனி சொன்னதச் சொல்லிட்டா. மனசுலேர்ந்து சொல்லல. மன்னிச்சிருங்க" என்றார். அவர் படி இறங்கிப் போனார். நான் ஸ்டாக் ரூமுக்குள் போய் அழுதேன்.

அன்றிலிருந்து கோடிக்கு வருகிறவர்களிடம் அக்கா வாயைத் திறப்பதே இல்லை. கேமராவில் பார்த்த ஏரியா மேனேஜர் அவருக்கு மெமோ கொடுக்கச் சொன்னார். மூன்று மெமோ வாங்கினால் வேலை போகும். முதல் இரண்டை எழுதியது நான்தான். "ஒரு தடவ சும்மாவாச்சும் சொல்லித் தொலைங்களேன் அக்கா" என்று கெஞ்சினேன். கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "நீ எழுது செல்வி, உன் வேல அது. சாவு வீட்டுக்குப் போறவங்களப் பாத்து என்னால சிரிக்க முடியாது."

மூன்றாவது முறை மேனேஜரே நேரில் வந்தார். சின்ன வயதுக்காரர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அக்கா வாதாடவில்லை. "சார், உங்க வீட்ல யாருக்காவது கோடி எடுத்திருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டார். போன வருடம் அப்பா இறந்ததாகவும், துணி எடுத்தது தாய்மாமன் என்றும் அவர் சொன்னார். "அவருக்கு ஒரு போன் போட்டு, கடைல போகும்போது என்ன சொன்னாங்கன்னு கேளுங்க சார்." விளையாட்டாகத்தான் போட்டார். மாமாவின் குரல் எங்களுக்கும் கேட்டது. "என்னடா கேள்வி இது? ஒண்ணும் சொல்லல. கடைக்காரர் எந்திரிச்சு நின்னாரு, அவ்வளவுதான். உங்கப்பனுக்குத் துணி எடுத்துட்டு வரும்போது எவனாவது பேசுவானா?" மேனேஜர் போனை வைத்தார். பிறகு, "நீங்க கவுண்டருக்குப் போங்கம்மா" என்றார்.

அடுத்த மாதம் எல்லாக் கிளைகளுக்கும் சுற்றறிக்கை வந்தது: துக்கத்துக்குத் துணி எடுப்போரிடம் வாழ்த்தோ அழைப்போ கூடாது. அக்காவின் பெயர் அதில் எங்கும் இல்லை. "மனுசனுக்குத் தெரிஞ்சதுக்கு ஒரு சர்க்குலரா!" என்று சிரித்தார்.

இந்த இடத்தில் நிறுத்திவிடலாம். ஆனால் உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்று மேனேஜர் வருவதற்கு முன்பே மூன்றாவது மெமோவை நான் எழுதி முடித்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. முந்திக்கொண்டால் எனக்கு நல்லது என்று நானாகவே எழுதினேன். அவர் மாமாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது தாள் என் கையில் இருந்தது. அதில் தன் பெயர் இருப்பதை அக்கா பார்த்தார். மேனேஜர் போனதும் கையை நீட்டினார். கொடுத்தேன். படித்தார், நான்காகக் கிழித்தார், குப்பைத் தொட்டியில் போட்டார்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது உங்கள் எல்லோரிடமும், "செல்வி எனக்காக நின்னா. அவ இல்லாட்டி நான் இன்னிக்கு வீட்டுக்குப் போயிருப்பேன்" என்றார். நான் மறுக்க வாயைத் திறந்தேன். என் டிபன் மூடியில் ஒரு மீன் துண்டை வைத்து, "சாப்புடுடி, ஆறுது" என்றார். நீங்கள் அதை நம்பினீர்கள். இன்றுவரை நம்புகிறீர்கள்.

நான் நிற்கவில்லை. அவர் வேலை போனால் அந்த வீடு என்ன ஆகும் என்று தெரிந்தே எழுதினேன். அதற்குப் பிறகு வேறு இரண்டு பேருக்கு மெமோ எழுதச் சொல்லி வந்தபோது, எழுத மாட்டேன் என்று சொன்னேன். எனக்குத் திடீரென்று தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஜமீலாக்கா என்னைப் பற்றி ஒரு பொய்யைச் சொல்லி வைத்திருந்தார். அவர் எனக்கு விட்டுப்போனது அது ஒன்றுதான். அதை மெய்யாக்கத்தான் தினமும் கடைக்கு வருகிறேன்.