முதல் லாரியின் கட்டிகள்

கான்கிரீட்டை உடைத்துப் பார்ப்பதுதான் சின்னக்காவின் வேலை. தளம் போடும் அன்று லாரியில் வரும் கலவையில் கொஞ்சம் எடுத்து, சாணுக்குச் சற்றுக் குறைந்த இரும்பு அச்சுகளில் நிரப்பிக் கட்டிகளாக்கித் தண்ணீரில் போட்டு வைப்பார்கள். இருபத்தெட்டு நாள் கழித்து அந்தக் கட்டிகள் அக்காவின் பரிசோதனைக்கூடத்துக்கு வரும். எந்திரத்துக்கு நடுவில் வைத்து அழுத்தினால் ஒரு கட்டத்தில் 'டப்' என்று வாய் பிளக்கும். அப்போது முள் எந்த எண்ணில் நின்றதோ அதுதான் அந்தக் கட்டியின் பலம். எந்திரத்தை ஓட்டுகிறவருக்கு நசுக்கி அண்ணன் என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

கல்லூரியில் அக்கா ஒரே ஒரு பாடத்தில்தான் தோற்றாள். பள்ளியில் நிகழ்தகவு என்று தமிழில் பயமுறுத்தியது, கல்லூரியில் வேறு பெயரில் வந்து அதே வேலையைச் செய்தது. "பகடை உருட்டவும் சீட்டுக் கலைக்கவுமா அப்பா என்னை இன்ஜினியரிங் அனுப்பினாரு?" என்று அவள் புத்தகத்தை வீசியதும், அது என் தட்டில் வந்து விழுந்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டாம் முறை எழுதி, நாலு மார்க் கூடுதலாக வாங்கித் தேறினாள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஒரு பேருந்து நிறுத்தத்தின் கூரைக்காக மூன்று கட்டிகள் வந்தன. இரண்டு நல்ல எண் காட்டி உடைந்தன. மூன்றாவது பாதியிலேயே நொறுங்கிப்போனது. "அச்சுல சரியா போட்டிருக்க மாட்டானுங்க, தள்ளி விடும்மா" என்றார் நசுக்கி அண்ணன். அந்தத் தொழிலில் அது வழக்கம்தான். எண் பிடிக்கவில்லை என்றால் கட்டியின் மேல் பழி போடுவார்கள். அக்கா அந்த எண்ணை அடித்துவிட்டு மற்ற இரண்டின் சராசரியை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கூரை பதினாறு வருஷமாக நிற்கிறது. ஆனால் மழை கொட்டினாலும் அவள் அதன் கீழே ஒதுங்க மாட்டாள். "அது நிக்கிறதுல என் பங்கு ஒண்ணுமில்லடா" என்றாள் ஒருமுறை தொலைபேசியில். "அது பாட்டுக்கு நிக்குது."

நூலகக் கட்டடத்தின் கட்டிகள் வந்தபோது பெரியக்காவின் கணவர்தான் அந்த சைட்டின் மேற்பார்வையாளர். பதினெட்டுக் கட்டிகள். முப்பத்து மூன்று, முப்பத்து மூன்று, முப்பத்து நாலு, மறுபடியும் முப்பத்து மூன்று. தேவைப்பட்டதோ இருபத்தைந்துதான். நசுக்கி அண்ணனுக்கு வாயெல்லாம் பல்.

"உங்க அத்தான் கை ராசியான கைம்மா. ஒண்ணுகூடப் பிசகல."

"அதாண்ணே இடிக்குது. ஒரே அம்மா பெத்த பிள்ளைங்களே இப்படி அச்சு அசலா இருக்காது. இது பதினெட்டு."

கலவை என்றால் கூடக் குறைய இருக்கத்தான் செய்யும். எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்பதற்கும் ஓர் அளவு உண்டு. தோற்ற பாடத்திலிருந்து அவளுக்குக் கடைசி வரை ஒட்டிக்கொண்டது இதுதான். எண்கள் சிதறாமல் வந்தால், எடுத்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

மறுநாள் காலை சைட்டுக்குப் போனாள். இரண்டாம் மாடித் தளத்தை இரும்பு முட்டுகள் காடுபோல் தாங்கி நின்றன. அத்தான் தலைக்கவசத்தைக் கழற்றி விசிறிக்கொண்டே வந்தார்.

"வாம்மா மச்சினி! கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்னா ஆளே வந்து நிக்கிற. வீட்ல சண்டையா?"

"இனிமேதான் சண்டை. கட்டிக்கு எந்த லாரியில எடுத்தீங்க அத்தான்?"

"மூணு நாள் தளம் போட்டோம். தினம் பதினாறு லாரி. ஒவ்வொரு நாளும் முதல் லாரியில ஆறு கட்டி. காலையில ஆளுங்க தெம்பா இருப்பாங்க, முதல்லயே எடுத்து வச்சிட்டா ஒரு வேலை முடிஞ்சிடும். ஏன்?"

"மத்தியானம் வந்த லாரி?"

அவர் பதில் சொல்லுமுன் அவள் பார்வை ஓரமாகச் சுருண்டு கிடந்த தண்ணீர்க் குழாய் மேல் விழுந்துவிட்டது.

"வெயில்ல கலவை இறுகிடும்மா. இறங்க மாட்டேங்கும். கொஞ்சம் தண்ணி காட்டுவாங்க. எல்லா சைட்லயும் நடக்கிறதுதான்."

"எவ்வளவு தண்ணி?"

"அதுக்கென்ன படியா வச்சிருக்கோம்? கண் அளவுதான்."

தண்ணீர் கூடினால் கலவை சுலபமாக இறங்கும், பலம் குறையும். "அப்போ நான் உடைச்சது உங்க தளத்தை இல்ல அத்தான்" என்றாள் அக்கா. "உங்க காலை நேரத்தை."

அத்தான் ஏமாற்றுக்காரர் இல்லை. அவர் வேலை பழகிய நாளிலிருந்து எல்லோரும் அப்படித்தான் எடுத்திருக்கிறார்கள். அது அக்காவுக்கும் தெரியும். தளத்தின் வரைபடத்தை விரித்து, ஒவ்வொரு லாரியும் கொட்டிய இடத்தை அவரிடம் கேட்டுக் குறித்து, நாற்பத்தெட்டுக் கட்டமாகப் பிரித்தாள். துண்டுத் தாளில் எண்களை எழுதி மடித்து அவருடைய தலைக்கவசத்திலேயே போட்டு நீட்டினாள்.

"ஒம்போது எடுங்க."

"ஏம்மா, இது தளமா, பரிசுச் சீட்டா?"

"நான் பாத்து எடுத்தா என் கண்ணு மோசமான இடத்தைத் தேடும். நீங்க பாத்தா நல்ல இடத்தைத் தேடும். குலுக்கினா ரெண்டு பேரும் தேட முடியாது."

சிரித்துக்கொண்டேதான் எடுத்தார். அந்த ஒன்பது இடத்திலும் துளையிட்டு, உருளை உருளையாகக் கான்கிரீட்டை வெட்டி எடுத்தார்கள். காலைக் கட்டங்களில் எடுத்தவை நன்றாக இருந்தன. மதியம் ஆக ஆக எண் இறங்கியது. மூன்றாம் நாள் கடைசி லாரியில் எடுத்தது, விதி அனுமதிக்கும் எல்லைக்கு மயிரிழை மேலே நின்றது. விதிப்படி ஒன்பதும் தேறியாயிற்று.

திறப்பு விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அக்கா கையெழுத்துப் போட்டால் முட்டுகளைப் பிரித்துப் புத்தக அலமாரிகளை ஏற்றலாம். வரிசை வரிசையாக அலமாரி என்றால் லேசுப்பட்ட பாரம் இல்லை. அதற்கு நேர் கீழே பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கும் அறை.

முடிவு வந்த அன்று மதியமே அத்தான் பரிசோதனைக்கூடத்துக்கு வந்துவிட்டார். நசுக்கி அண்ணன் எந்திரத்தைத் துடைப்பதுபோல் நடித்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"ஒம்போதும் பாஸ்னு நீயே சொல்ற. அப்புறம் எதுக்கும்மா இழுத்தடிக்கிற?"

"நான் பாத்தது ஒம்போது. பாக்காதது முப்பத்தொம்பது. அதுல ஒண்ணாவது எல்லைக்குக் கீழ இருக்க வாய்ப்பு பாதிக்கு மேல வருது."

"இருந்தா தளம் விழுந்திடுமா?"

"தெரியாது. பெரும்பாலும் விழாது."

"அப்போ அதையே எழுதிக் குடு."

"பெரும்பாலும்னு எழுத அந்தத் தாள்ல இடமில்ல அத்தான். ஆமாவா இல்லையா, அவ்வளவுதான் இருக்கு."

அவர் உட்கார்ந்தார். குரல் இறங்கியது. "நாள் தள்ளிப்போனா என்னைத்தான் தூக்குவாங்க. தெரியும்ல?"

"தெரியும். ரெண்டு விதமாத் தப்பு பண்ணலாம் அத்தான். நல்ல தளத்தை நிறுத்தி வைக்கலாம். இல்ல, கெட்ட தளத்தை விட்டுடலாம். ரெண்டும் நடக்காம பாத்துக்கிற அளவுக்கு என் கையில எண் இல்ல. முதல் தப்பைப் பண்ணினா உங்க கால்ல விழுந்து மன்னிப்புக் கேப்பேன். ரெண்டாவதைப் பண்ணினா யாருகிட்டப் போய்க் கேக்கிறது?"

அத்தான் எழுந்து போய்விட்டார். அக்கா எழுதியது இரண்டே வரி: முட்டுகள் இன்னும் நாலு வாரம் இருக்க வேண்டும், பிறகு பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டும்.

விழா தள்ளிப்போனது. நாலு வாரம் கழித்து முட்டுகளைத் தளர்த்தி, தளத்தின் மேல் மணல் மூட்டைகளை அலமாரிகளின் எடைக்கு மேலேயே அடுக்கி, ஒரு முழு நாள் வைத்தார்கள். தளம் கொஞ்சம் தாழ்ந்தது. மூட்டைகளை இறக்கியதும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. தேறிவிட்டது. "இதைத்தானே அப்பவே சொன்னோம்" என்றார் கம்பெனி மேலாளர். அத்தானை நாலு மணி நேரப் பயணத் தொலைவில் இருந்த ஒரு சின்ன சைட்டுக்கு, பதவியைக் குறைத்து அனுப்பினார்கள்.

பெரியக்கா தொலைபேசியில் கேட்டது இதுதான்: "தளம் நல்லாத்தானே இருந்துச்சு? தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லேன்டி."

"தளம் நல்லா இருந்ததுல உன்னைவிட எனக்குத்தான் சந்தோஷம்க்கா."

"அது நான் கேட்டதுக்குப் பதில் இல்ல" என்று வைத்துவிட்டாள். அதோடு பேச்சு நின்றது.

என்னைப்போல் கடல் தாண்டி இருப்பவனுக்கு இப்படிப்பட்ட செய்தி எப்போதும் பாதியாகத்தான் வந்து சேரும். பயந்துபோய்ச் சின்னக்காவைக் கூப்பிட்டேன். "நீ பண்ணினது சரியா தப்பான்னு இப்போ தெரிஞ்சுதா?"

"எப்படிடா தெரியும்? அந்தக் கூரை நிக்குது, அதனால நான் அன்னிக்குப் பண்ணினது சரின்னு ஆயிடுமா? இந்தத் தளமும் நிக்குது. நாளைக்கே அந்த ஒம்போது எண்ணும் அப்படியே வந்தா இதையேதான் எழுதுவேன்." பிறகு சொன்னாள்: "ஆனா ஞாயித்துக்கிழமை ஆனா அக்கா ஃபோன் வரும்னு கை தானா தேடுது. அதுக்குக் கணக்கு ஒண்ணும் படிக்கல."

ஏழு மாதம் கழிந்தது. ஒரு நாள் தூரத்து சைட் ஒன்றிலிருந்து பன்னிரண்டு கட்டிகள் வந்தன. ஒவ்வொன்றின் மேலும் பெயின்ட்டில் எழுதியிருந்தது: லாரி 2, காலை 8.50. லாரி 7, மதியம் 12.15. லாரி 11, மதியம் 2.40. அத்தானின் சாய்ந்த கையெழுத்து.

நசுக்கி அண்ணன் உடைக்க உடைக்க அக்கா எழுதினாள். முப்பத்து நாலு. இருபத்தொன்பது. முப்பத்தொன்று. இருபத்தாறு. முப்பத்தைந்து. இருபத்தெட்டு.

"என்னம்மா இது, கோழி கிளறின மாதிரி இருக்கு?" என்றார் அவர். "அந்த ராசியான கை எங்க போச்சு?"

எல்லாம் தேவையான இருபத்தைந்துக்கு மேலேதான். அக்கா தாளை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை படித்தாள், பிறகு கீழிருந்து மேலே. எதையும் அடிக்காமல் பன்னிரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வெளியே வராந்தாவுக்குப் போய்ப் பெரியக்காவின் எண்ணை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே அவள் எடுத்துவிட்டாள்.

பெரியக்காதான் ஆரம்பித்தாள்.

"உங்க அத்தான் எந்த லாரியில எடுக்கிறதுன்னு தெனம் தலைக்கவசத்துல சீட்டுப் போட்டுக் குலுக்கிட்டு நிக்கிறாராம். அங்க உள்ளவங்க கேலி பண்றாங்களாம்டி."

"அத்தான் என்ன சொல்றாரு?"

"லாரி வந்திடுச்சு, சிரிச்சு முடிச்சவங்க அச்சை எடுத்துட்டு வாங்கன்னாராம்."