ஒரு நம்பர், ஒரு ஆள்

எனக்கு என்ன வேலை என்று எங்கள் சந்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கம்ப்யூட்டர் வேலை என்ற மட்டில் தெரியும். அதனால் பிரிண்டர் ஓடாவிட்டால் கூப்பிடுவார்கள், டி.வி.யில் படம் வராவிட்டால் கூப்பிடுவார்கள், ஒருமுறை மிக்சி சுற்றவில்லை என்றுகூடக் கூப்பிட்டார்கள். நான் டேட்டாபேஸ் பார்த்துக்கொள்கிறவள். ஊராரின் விவரங்களைக் கட்டம் கட்டமாக அடுக்கி, தொலையாமல், கலையாமல், கேட்ட நேரத்தில் எடுத்துக் கொடுக்கிற வேலை. மிக்சிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் போனேன். பிளக் லூசாக இருந்தது, அழுத்தினேன், ஓடியது. அன்றோடு என் பெயர் சந்தில் நிலைத்துவிட்டது.

சந்துக்காரர்களாவது பரவாயில்லை. என் மேனேஜருக்கே நான் என்ன செய்கிறேன் என்று தெரியாது, அதுதான் கொடுமை. அவர் திருவனந்தபுரத்து ஆபீசில் ஏ.சி.யில் இருப்பார். நான் பாறசாலைக்கு உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருப்பேன். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ரயில் பிடித்துப் போய் முகம் காட்டிவிட்டு வர வேண்டும். அவருக்குப் பிடித்த வார்த்தை "சின்ன சேஞ்சு". ஐந்து வருஷ விவரத்தையும் இன்று சாயங்காலத்துக்குள் புது வடிவத்துக்கு மாற்ற வேண்டும், சிஸ்டம் ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாது, பேக்கப் எடுக்க நேரம் கேட்கக் கூடாது, இதற்குப் பெயர் சின்ன சேஞ்சு. ஓடுகிற பஸ்ஸுக்கு டயர் மாற்றித் தா என்பார், பயணிகளுக்குத் தெரியக் கூடாது என்றும் சொல்வார். வெப்சைட் மெதுவாக வந்தால் எல்லார் விரலும் என் பக்கம்தான் நீளும். வேகமாக வந்தால் என் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். சவத்த விடு என்று பல தடவை மியூட்டில் போட்டுவிட்டுத் திட்டியிருக்கிறேன். அவர் பேசுவது மலையாளம். கோபம் ஆறின பிறகு எழுதுவதால் இங்கே தமிழில் தருகிறேன்.

இனி என் போன் நம்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது.

எங்கள் சந்து எல்லைக்குப் பக்கம். முற்றத்தில் கிழக்கே திரும்பி நின்றால் போன் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும், நாலடி மேற்கே நகர்ந்தால் கேரளத்தைப் பிடிக்கும், நடுவில் நின்றால் ஒன்றும் பிடிக்காது. வீட்டிலிருந்து வேலை பார்க்க நான் இன்டர்நெட் இழுத்து, போனையும் அதன் வழியாகவே ஓட வைத்த பிறகு, சந்திலேயே எந்நேரமும் சத்தம் போடுகிற போன் என்னுடையது ஒன்றுதான். போதாததற்கு நான் போனை எடுக்கிறவள். அதனால் கேஸ் புக்கிங்குக்கு, பள்ளிக்கூட ஃபாரத்துக்கு, ஆஸ்பத்திரிச் சீட்டுக்கு, எதற்கு நம்பர் கேட்டாலும் சந்துக்காரர்கள் என் நம்பரைக் கொடுத்துவிடுவார்கள். என்னிடம் கேட்டுக்கொண்டு கொடுப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். மனப்பாடமாகவே தெரியும். ஓ.டி.பி. வந்தால் நான் மதில் பக்கம் போய் உரக்கச் சொல்ல வேண்டும். ஒரு நாள் மீட்டிங் நடுவே மூன்று வீட்டு கேஸ் சிலிண்டருக்கு நம்பர் சொன்னவள் நான்.

அதில் அதிகம் வாங்கிக்கொள்வது மதிலுக்கு அந்தப் பக்கத்து அக்கா. தினமும் எல்லை தாண்டி அண்டியாபீஸ் என்கிற முந்திரி ஆலைக்குப் போகிறவர். வறுத்த முந்திரிக்கொட்டையை உடைக்கிற வேலை, விரலெல்லாம் கறுத்திருக்கும். அவருக்கு வலிப்பு உண்டு. மாத்திரையை நாள் தவறாமல் தின்றால் ஒன்றும் வராது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை ஆபீசில் வைத்து வந்துவிட்டது. இன்னொரு தடவை இங்கே விழுந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று மேற்பார்வைக்காரி அன்றே சொல்லிவிட்டாள். அந்த மாத்திரை மாதாமாதம் ஒரு தர்ம டிரஸ்டிலிருந்து வண்டியில் வீட்டுக்கே வரும். முதலில் போனுக்கு ஓ.டி.பி. வரும், அதைச் சொன்னால் பொட்டலம் கையில் கொடுப்பார்கள். நம்பர் யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. மருந்து நாளில் மதிலுக்கு மேலே அக்காவின் தலை தெரியும்.

"மக்கா, மருந்து நம்பர் வந்தா?"

"வந்தாச்சு அக்கா. எழுதிக்கிடுங்க."

"எழுதாண்டாம், நீ சொல்லு. நான் மனசுல வச்சுக்கிடுவேன்."

அந்த டிரஸ்டின் டேட்டாபேஸும் எங்கள் கம்பெனியிடம்தான் இருந்தது, அதாவது என்னிடம். ஒரு புதன்கிழமை மேனேஜர் மீட்டிங் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை டிரஸ்டின் கமிட்டி கூடுகிறது, லிஸ்டில் ஒரே ஆள் இரண்டு மூன்று தடவை பதிவாகியிருக்கிறார்கள், டூப்ளிகேட் எல்லாம் போய் டேஷ்போர்டில் பூஜ்ஜியம் தெரிய வேண்டும் என்றார்.

"இதுக்கு ரெண்டு வாரம் வேணும் சார். பெயர், வீட்டுப் பெயர், வயசு எல்லாம் ஒத்துப் பார்க்கணும்" என்றேன்.

"ரெண்டு நாள் இருக்கே. சின்ன சேஞ்சுதானே? போன் நம்பரைப் பாரு. ஒரு நம்பர், ஒரு ஆள். கடைசியாப் பதிஞ்சது இருக்கட்டும், மத்ததை அழிச்சுடு."

அந்த நேரம் பார்த்து என் போன் சத்தம் போட்டது. பக்கத்து வீட்டு கேஸ். நான் மியூட்டைப் போட மறந்து, ஜன்னல் பக்கம் திரும்பி, "அக்கா, நாலு, ஏழு, பூஜ்ஜியம், ரெண்டு!" என்று கத்தினேன். மீட்டிங்கில் எல்லோரும் சிரித்தார்கள். என்ன நம்பர் அது என்று மேனேஜர் கேட்டார். ஒன்றுமில்லை சார், பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு என்றேன். நானும் சிரித்தேன். பிறகு அவர், "அப்போ ஒரு நம்பர் ஒரு ஆள், ஓகே?" என்றார்.

நான் ஓகே என்றேன்.

நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. கையில் ஊரார் ஓ.டி.பி.யை வைத்துக்கொண்டு, ஒரு நம்பருக்கு ஒரு ஆள்தான் இருப்பான் என்று ஒத்துக்கொண்ட புத்திசாலி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நேரம் போதாது என்று சண்டை போட்டேனே தவிர, விதியே தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டால் எனக்குக் கட்டங்கள்தான் தெரியும், மதில் தெரியாது.

ஒரு நல்ல காரியம் மட்டும் செய்தேன். அழிக்கச் சொன்னதை அழிக்கவில்லை, 'செயலில் இல்லை' என்று குறித்து வைத்தேன். எதையும் நிஜமாக அழிக்க எனக்குக் கை வராது, தொழில் அப்படி. வெள்ளிக்கிழமை காலை பூஜ்ஜியம் தெரிந்தது. மேனேஜர் குரூப்பில் கைதட்டல் படம் போட்டார், என் பெயரைக்கூடச் சொன்னார். அன்று எங்கள் வீட்டில் பாயசம்.

அடுத்த மருந்து நாள் வந்தது. வழக்கமாக அன்று காலையிலிருந்து போன் கத்திக்கொண்டே இருக்கும். அன்று ஒரே ஒரு ஓ.டி.பி. வந்தது, சந்தின் கடைசி வீட்டில் மூச்சுக்கு மருந்து எடுக்கிற மாமாவுக்கு. சில மாதம் இரண்டு மூன்று நாளாகப் பிரித்து வருவதும் உண்டு என்பதால் நான் கவலைப்படவில்லை. உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷப்பட்டேன். இன்றைக்கு நிம்மதியாக வேலை நடக்கிறது என்று வீட்டுக்காரரிடம் சொல்லவும் செய்தேன்.

"மக்கா, மருந்து நம்பர் வந்தா?"

"இல்ல அக்கா. நாளைக்கு வரும்."

மறுநாளும் கேட்டார். நாளைக்கு வரும் என்றேன். மூன்றாம் நாள் நான் மீட்டிங்கில் இருந்தேன். அக்கா மதிலுக்கு மேலே தலையைக் காட்டிக் கையால் கேட்டார், நானும் கையாலேயே நாளைக்கு என்று காட்டினேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார்.

நான்காம் நாள் மதியம் சந்தில் ஆட்டோ வந்த சத்தம் கேட்டது. அண்டியாபீசில் அக்கா விழுந்துவிட்டார் என்றும், கூட வேலை செய்கிறவர்கள் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றும் ஆட்டோக்காரர் சொன்னார். அக்காவின் துணியும் சீட்டும் எடுத்துப் போக வந்திருந்தார். எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தேன். மாத்திரை எங்கே போச்சு என்று மனதுக்குள் கேட்டேன். கேட்டவுடனே லேப்டாப்பிடம் ஓடினேன்.

டேட்டாபேஸைத் திறந்து என் நம்பரைப் போட்டுத் தேடினேன். பதினேழு பெயர் வந்தது. செயலில் இருப்பது ஒன்று, கடைசி வீட்டு மாமா, அவர்தான் கடைசியாகப் பதிந்தவர். மீதிப் பதினாறும் 'செயலில் இல்லை'. மூன்றாவது வரியில் அக்கா. பக்கத்தில் மாற்றியவர் என்ற கட்டத்தில் என் பெயர்.

மேனேஜருக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். முதலில் அவருக்கு விளங்கவில்லை.

"பதினேழு பேர் எப்படி ஒரே நம்பர் கொடுப்பாங்க? யாரோட நம்பர் அது?"

"என்னோடது சார்."

அவர் இப்போது மாற்ற முடியாது என்றார். கமிட்டிக்குப் பூஜ்ஜியம் என்று காட்டியாகிவிட்டது, மாற்ற வேண்டுமானால் கோரிக்கை எழுது, அனுமதி வரட்டும், அடுத்த மாத வேலையில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்.

"அழிக்கிறதுக்கு ரெண்டு நாள், திருப்பிப் போடுறதுக்கு ஒரு மாசமா? ஒருத்தி ஆஸ்பத்திரில கெடக்கா சார்!" என்று கத்திவிட்டேன். பதினோரு வருஷத்தில் அவரிடம் நான் கத்தியது அதுதான் முதல் தடவை. கத்திவிட்டு, அவர் லைனில் இருக்கும்போதே, டிரஸ்டில் மருந்துப் பொறுப்பில் இருக்கிற டாக்டரம்மாவையும் அதே போன் காலில் சேர்த்தேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன், விதியை ஒத்துக்கொண்டதும் நான், போட்டதும் நான் என்றேன். அந்த அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"திரும்பப் போட எவ்வளவு நேரம் வேணும்?"

"நாலு நிமிஷம் மேடம்."

"போடு. பேச்சு பிறகு. மத்த ஊர்லயும் இதேபோல இருக்கும், எல்லாத்தையும் போடு."

போட்டேன். அன்று சாயங்காலமே வண்டி எங்கள் சந்துக்குள் வந்தது. என் போன் பதினாறு தடவை கத்தியது. இவ்வளவு நாள் எரிச்சலோடு கேட்ட சத்தத்தை அன்று அழுதுகொண்டே கேட்டேன்.

அக்கா மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டார். நெற்றியில் சின்னக் கட்டு. பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். மாத்திரை முன்னாலேயே தீர்ந்துவிட்டதா, ஏன் அக்கா சொல்லவில்லை என்று கேட்டேன்.

"தீரல்ல மக்கா. நாலு இருந்து. நீ நாளைக்கு வரும் நாளைக்கு வரும்னு பறஞ்ச இல்லியா, அதுக்காக்கும் பாதி பாதியா ஒடிச்சுத் தின்னேன்."

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. அந்த லிஸ்டிலிருந்து உங்கள் பெயரை எடுத்தது நான்தான் அக்கா என்றேன். கம்ப்யூட்டர், கமிட்டி, மேனேஜர், எல்லாம் சொன்னேன். அவர் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"எனக்க பேரு அதுல உண்டுன்னு உனக்குத் தெரியுமா?"

"பார்க்கல்ல அக்கா."

"செரி மக்கா. நீ போ, உனக்க ஆபீசு நேரமாக்கும்."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த கடிதத்தைக் காட்டி, பத்து நாள் கழித்து அண்டியாபீசில் அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். உடைக்கிற பக்கம் விடவில்லை, தோல் உரிக்கிற பக்கம்தான். எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு நம்பரில் பலர் இருக்கலாம் என்று விதியை மாற்றி எழுத ரெண்டு வாரம் கேட்டேன், இந்தத் தடவை கொடுத்தார்கள்.

அடுத்த மருந்து நாள் நான் லீவு போட்டுவிட்டு, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொன்றாக வந்தது, ஒவ்வொரு வீட்டுக்கும் ஓடி ஓடிச் சொன்னேன். பத்து, பதினைந்து, பதினாறு. அதோடு நின்றுவிட்டது. அக்காவுக்கு வரவில்லை. மறுபடியும் என்ன பண்ணித் தொலைத்தேனோ என்று மதில் பக்கம் ஓடினேன்.

அக்கா தென்னை மூட்டில் கிடந்த கல்லின் மேல் ஏறி, மேற்கே பார்த்து நின்றுகொண்டிருந்தார். கையில் அவருடைய பழைய பட்டன் போன். கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்தி, வாசலில் நின்ற வண்டிக்காரருக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பொட்டலத்தை வாங்கின பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"நம்பர நான் மாத்திக் குடுத்தாச்சு மக்கா. உனக்கும் வேலை கெடக்கு இல்லியா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சாயங்காலம் எப்போதும்போல அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் மதிலுக்கு மேலே வந்தது. நானும் வாங்கிக்கொண்டேன், தின்றேன், நன்றாக இருந்தது.

மறுநாள் காலை மேனேஜரிடமிருந்து மெசேஜ். டேஷ்போர்டைப் பார்த்திருக்கிறார். என் நம்பரில் பதினேழு இருந்தது பதினாறாகியிருக்கிறதாம். "ஒண்ணு குறைஞ்சிருக்கே, சூப்பர்!" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கட்டைவிரல் படம். அவருடைய எல்லா மெசேஜுக்கும் ஒரு நிமிஷத்தில் பதில் போடுகிறவள் நான். அதற்கு மட்டும் இன்னும் போடவில்லை.