செவிப்பாம்பு போட்ட மூன்று முட்டை

குறிஞ்சிப்பாடிக்கு வெளியே, கடலூர் ரோட்டில் உள்ள ஒரு நர்சரியில் தனம் பதினொரு வருடமாகப் பாக்கெட்டுக்கு மண் நிரப்புகிறாள். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் கலந்து கருப்புப் பாக்கெட்டில் அடைத்து வரிசையாக நிறுத்த வேண்டும். முதலாளி நடனசபாபதி நல்ல மனிதர்தான். வாய் மட்டும் சும்மா இருக்காது.

மழை விட்ட மறுநாள் எருக்குவியலைக் கிளறப்போகும் பெண்கள் காதை மூடித் துண்டு கட்டிக்கொள்வார்கள். எருவுக்குள் செவிப்பாம்பு இருக்கும், குனிந்தால் காதுக்குள் புகுந்து மூளைக்கே போய்விடும் என்று பயம். மண்புழு பருமனில் கருப்பாக, பளபளவென்று இருக்கும் அந்த அப்பாவிக்குக் கண் என்பதே இரண்டு புள்ளி. அது இவர்கள் காதைத் தேடி வருகிறதாம்! தனமும் ஐந்து வருடம் ஒழுங்காகத் துண்டு கட்டியவள்தான். ஒருநாள் வியர்வை தாங்காமல் அவிழ்த்துப் போட்டுவிட்டு, எதிரில் நெளிந்ததைக் கையிலேயே எடுத்துப் பார்த்தாள். அது வால் நுனியில் இருந்த முள்ளால் உள்ளங்கையில் ஒரு குத்துக் குத்திவிட்டு, விரல் இடுக்கில் மண் இருக்கிறதா என்று தலையை நுழைத்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அவளை இன்னும் விடவில்லை.

போன வருட ஆடியில் ஒரு மல்லிகைப் பாக்கெட்டுக்குள், நூல் மாதிரி ஒரு பாம்புக்குட்டி, எறும்புகளிடம் மாட்டிக்கொண்டிருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோய், வாய் உடைந்த பானையில் மண் போட்டு அதற்குள் விட்டு, மேலே கொசுவலையை இறுக்கிக் கட்டினாள். செங்கல்லைப் புரட்டி எறும்பு முட்டை பொறுக்கிப் போட்டாள். கடிபட்டது அவள் கை, தின்றது அது. கல்லூரிக்குப் போகும் மகள் பூஜா முகத்தைச் சுளித்தாலும் பானையைத் தொடவில்லை. இந்த ஐப்பசி மழையில் மண்ணைத் தள்ளிப் பார்த்தால், அரிசி மாதிரி மூன்று முட்டை.

சந்தோஷத்தில் வேலைக்குப் போன இடத்தில் உளறிவிட்டாள். கூட வேலை செய்யும் சௌந்தரம் சும்மா விடுவாளா?

"ஒத்தையில கெடக்குறது எப்புடிக்கா முட்ட போடும்? ஒனக்குத் தெரியாம யாரோ வந்து போயிருக்காங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தது பாம்பை வைத்து அல்ல. தனத்தின் கணவன் திருப்பூருக்குப் போய் ஒன்பது வருடமாகிறது, திரும்பவில்லை. அந்தப் பேச்சு பஸ்ஸில் பூஜா காதுவரை போய்விட்டது. பெண் அழுதுகொண்டே வந்து, பானையைத் தூக்கி எறியச் சொன்னாள். தனம் எறியவில்லை. கண்ணால் கண்டதை இல்லையென்று சொல்லிவிட்டால், இவர்கள் சொல்லும் மற்றதையும் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஆனால் அதற்குப் பிறகு பாம்பைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, மண்ணுக்குள் வாழும் பாம்புகளைக் கணக்கெடுக்க இலக்கியா என்ற ஆராய்ச்சி மாணவி சிதம்பரத்திலிருந்து வந்தாள். தனத்திடம் கேட்டால் நல்ல கதையாகச் சொல்லுவாள் என்று முதலாளி கைகாட்டினார். தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டுத் தனம் பாக்கெட்டை அடைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணோ இரும்புக் கரண்டியை எருவில் சரக் சரக்கென்று குத்தினாள். நாலாவது குத்தில் தனத்துக்குப் பொறுக்கவில்லை.

"கரண்டிய வையி பாப்பா, ரெண்டா வெட்டிப்புடும். கையால தள்ளு. ஈர மண்ணும் காஞ்ச மண்ணும் சேர்ற எடத்துல பாரு."

கால் மணி நேரத்தில் ஏழு பாம்பு. இலக்கியா வாயைப் பிளந்தாள். ஏழில் ஆண் எது என்று சௌந்தரம்தான் கிண்டலாகக் கேட்டாள், தனத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே.

"இந்த வகைப் பாம்புல ஆணே கெடையாதுக்கா" என்றாள் இலக்கியா, பாம்பை அளந்தபடி. "எல்லாமே பொண்ணுதான். துணையே இல்லாம தானா முட்ட போடும்."

சௌந்தரம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நகரப் பார்த்தாள்.

"நில்லு சௌந்தரம்" என்றாள் தனம். "பாப்பா, இப்ப சொன்னத இன்னொரு வாட்டி சொல்லு. அவுங்க எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு."

இலக்கியா சொன்னாள். முதலாளிகூடக் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். அப்புறம்தான் தனம் பானையைப் பற்றிச் சொன்னாள். எந்த மாதம் எடுத்தது, என்ன போட்டது, எத்தனை முட்டை என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். தனியாக வளர்த்து, நாள் கணக்கோடு முட்டை பார்த்த ஆளை இதுவரை சந்தித்ததே இல்லை என்று சொன்ன இலக்கியா, நோட்டைத் திறந்தாள். பார்த்தவர் பெயர் என்ற இடத்தில் தனம் என்று எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"இனிஷியல் என்னக்கா?"

ரேஷன் கார்டிலிருந்து பேங்க் புத்தகம்வரை எல்லாவற்றிலும் திருப்பூருக்குப் போனவனின் எழுத்துதான் அவள் பெயருக்கு முன்னால் நின்றது. தனம் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டாள்.

"தனம்னு மட்டும் எழுது பாப்பா. பாத்தது நான்தான்."