மெம்பர் பள்ளமும் செவ்வாய்க் கிரகத்து விதிகளும்

மரியசூசை, பாதிரியாராவதற்குப் படிக்கும் சிறுகுருமடத்திலிருந்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது 1973ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில். காரணம், அதிபர் சாமியாருக்கு அவர் வைத்த பட்டப்பெயர். அது இன்னதென்று மனைவி பவுலினிடம்கூட அவர் சொன்னதில்லை. பொருந்தாமல் இருந்திருந்தால் மன்னித்திருப்பார்கள் என்று மட்டும் சொல்வார். அதன்பின் பத்தாண்டுகள் ஒரு திரையரங்கில் டிக்கெட் கிழித்தார். 1984 முதல் நாகவல்லி ஆச்சியின் டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தார்.

அந்த பஸ் காரைக்குடியிலிருந்து ஒரு கிளைச் சாலை வழியாகக் கண்டனூருக்கு நாளொன்றுக்கு ஆறு தடவை போய்த் திரும்பும். 1997ஆம் ஆண்டு நிலவரப்படி அச்சாலையில் கவனிக்கத்தக்க பள்ளங்கள் இருபத்துமூன்று. மற்றவற்றைப் பள்ளம் என்று மரியசூசை ஒப்புக்கொள்வதில்லை. அவை சாலையின் இயல்பு. இருபத்துமூன்றுக்கும் பெயர் உண்டு. ஒரு பள்ளத்தில் முதன்முதலாக எவர் எதை இழக்கிறாரோ, அவர் பெயரோ அப்பொருளின் பெயரோ அதற்கு நிலைத்துவிடும். காளியாயி மூன்று டஜன் முட்டைகளைப் பறிகொடுத்தது காளியாயி பள்ளம். ஓய்வுபெற்ற சார்பதிவாளர் ஒருவரின் பல்செட் ஜன்னல் வழியாக வெளியேறியது பல்செட்டுப் பள்ளம். கல்யாண வேன் சிக்கி முகூர்த்தம் தவறியது மாப்பிள்ளைப் பள்ளம். பவுலினின் புது எவர்சில்வர் குடம் நசுங்கிய இடம் பவுலின் பள்ளம். பெயர் வைத்தபின் அவள் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள், "எனக்குன்னு கொஞ்சம் ஆழமாப் பாத்து வைக்க மனசு வரலையாக்கும்" என்றாள்.

பெயர்கள் வேடிக்கைக்காக மட்டும் ஏற்பட்டவை அல்ல. டிரைவர் தாஹா பிரேக்கின் மேல் அவ்வளவாக நம்பிக்கை இல்லாதவர். ஆகவே இருபது கஜத்துக்கு முன்பே மரியசூசை, "காளியாயி வருது, பிடிச்சுக்கங்க" என்று குரல் கொடுப்பார். பஸ் முழுவதும் கம்பியைப் பற்றும். இந்த ஏற்பாடு வந்தபின் கடைசி இருக்கையில் எவர் தலையும் கூரையில் மோதியதாகத் தகவல் இல்லை.

இருபத்துமூன்றாவது பள்ளம் ஐந்தடி நீளம், ஒன்பது அங்குல ஆழம். 1996 அக்டோபரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில், இதே சாலையைச் சீர்செய்வதாக வாக்களித்து ஒன்றிய உறுப்பினரான சொக்கு, நன்றி சொல்ல மாலையோடு மொபெட்டில் புறப்பட்டுப் பாதி நன்றியிலேயே அதற்குள் விழுந்தார். அன்று முதல் அது மெம்பர் பள்ளம்.

1997 ஜூலை 14, திங்கட்கிழமை மாலை ஆச்சி மரியசூசையைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"சூசை, மெம்பரு இங்க வந்து ரெண்டு டம்ளர் காப்பி குடிச்சிட்டுப் போயிருக்காரு. அந்தப் பேரு நிக்கலேன்னா பெர்மிட்டு புதுப்பிக்கையில ஆட்சேபணை எழுதிக் குடுப்பாராம். வெள்ளிக்கிழமைக்குள்ள அவரு வாயாலயே புகார் இல்லைன்னு சொல்லணும். இல்லையா, டிக்கெட் பையைக் கொண்டாந்து வச்சிரு."

"பேரு வச்சது நான்தான் ஆச்சி. ஆனா விழுந்தது அவருதான."

"அவரு ஒரு தடவைதானப்பா விழுந்தாரு. நீ தெனம் பன்னெண்டு தடவை தள்ளிவிடுறியாமே."

மரியசூசைக்கு வயது நாற்பத்தொன்று. மகள் வின்சி பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அந்த வயதில் ஒரு கண்டக்டரைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளும் பஸ் சுற்றுவட்டாரத்தில் எதுவும் இல்லை. வாயை அடக்கிக்கொண்டு பள்ளத்தை அறிவிக்காமல் விட்டாலோ மூன்றாம் நாளே யாருடைய பல்லாவது போகும். செவ்வாய்க்கிழமை முழுதும் அவர் மெம்பர் பள்ளத்தை "அது" என்றே அறிவித்தார். எது என்று திரும்பிக் கேட்ட இருவருக்கு நெற்றி வீங்கியது.

கண்டனூர்ப் பள்ளியில் அறிவியல் கற்பித்த பெல்சி டீச்சர் அன்று மாலை நடையில் பஸ் ஏறியதும் ஒரு செய்தித்தாளை நீட்டினார். "செவ்வாய்க் கிரகத்துலயும் இப்ப உங்க வேலைதான் நடக்குது கண்டக்டர் அண்ணே. ஆறு சக்கரத்துல ஒரு குட்டி வண்டியை எறக்கி, இங்கருந்தே ஓட்டுறாக. எந்தக் கல்லுன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கணும்ல, அதுக்காக ஒவ்வொண்ணுக்கும் பட்டப்பேரு. பாதி கார்ட்டூன்ல வர்ற பேரு."

"பள்ளம் இல்லையா?"

"தூரத்துல ஒண்ணு தெரியுது. அதுக்குப் 'பெரிய பள்ளம்'னு வச்சிருக்காக."

"பெரிய பள்ளத்துக்குப் பெரிய பள்ளம்னா பேரு? படிச்சவுகதான டீச்சர்?"

"அந்த வண்டி என்ன வேகம் போகும்?" என்று தாஹா திரும்பாமல் கேட்டார்.

"செகண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்."

"பரவாயில்ல. நம்ம வண்டி அதைவிட ஒரு பிடி கூட."

அவையெல்லாம் வேலைப் பெயர்கள், நிலையான பெயர் வைக்க உலக வானியலாளர் சங்கத்தின் விதிகள் தனியாக உள்ளன என்றார் டீச்சர். மறுநாள் அவற்றை ஒரு நோட்டுத் தாளில் எழுதிக்கொண்டு வந்தார். பெயரை மாற்றுவதானால் விதிப்படி மாற்றலாம் என்று, அன்று மாலையே தாளை எடுத்துக்கொண்டு மரியசூசை, தாஹா துணையுடன், சொக்குவின் சிமெண்டுக் கடைக்குச் சென்றார்.

"உசுரோட இருக்கவுக பேரை வைக்கக் கூடாதாம்ணே. காலமாகி மூணு வருசம் ஆகியிருக்கணுமாம்."

சொக்கு யோசித்தார். "அப்ப எம் பேரு வரணும்னா?"

"எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லண்ணே" என்றார் தாஹா.

"அப்பவும் ஏலாதுண்ணே" என்று மரியசூசை தாளைப் பார்த்துச் சொன்னார். "இந்தக் காலத்து அரசியல்வாதிக பேரே ஆகாதுன்னு போட்டிருக்கு. பெரிய பள்ளம்னா செத்துப்போன விஞ்ஞானிகளுக்கு. சின்னப் பள்ளம்னா ஒரு லட்சம் பேருக்குக் கம்மியா இருக்க ஊரு பேரு."

பெயரை எடுக்கச் சொல்லிப் புகார் கொடுத்தவர் அவர்தான். இருந்தும், செத்த பிறகும் தமக்கு இடமில்லை என்ற செய்தியில் அவர் முகம் சற்று வாடியது. பிறகு தேறிக்கொண்டார். "சரி, ஊரு பேரே வையி. இந்த ரோட்டுல இருக்க ஊரு வேணாம், எல்லாம் நம்ம ஓட்டு. அங்குட்டு மேக்க, ஆத்தங்குடின்னு வையி. அங்க எனக்கு ஒரு ஓட்டும் கெடையாது. வெள்ளிக்கிழமை நானே வண்டியில வந்து காதால கேக்குறேன். கேட்டுட்டு ஆச்சிக்குச் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை காலை எட்டு நாற்பது நடை. பயணிகள் ஐம்பத்திரண்டு பேர். சொக்கு சலவைச் சட்டையோடு முன் இருக்கையில் அமர்ந்திருந்தார். அவருக்கு நேர் பின்னால் முட்டைக் கூடையோடு காளியாயி. மாப்பிள்ளை, பல்செட்டு, பவுலின் எல்லாம் முறைப்படி வந்து போயின. இருபது கஜத்துக்கு முன்பு மரியசூசை தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆத்தங்குடி வருது" என்றார்.

கண்டக்டர் ஒருவர் ஊர்ப் பெயரைச் சொன்னால் பயணிகள் செய்வது ஒன்றுதான். எழுந்தார்கள். கண்டனூருக்கு ஏறியவர்கள் ஆத்தங்குடி என்றதும் இருமடங்கு வேகத்தில் எழுந்தார்கள்.

"அட பாவி, ஆத்தங்குடி வண்டியிலயா ஏறிட்டேன்" என்று காளியாயி கூடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றாள். "நிப்பாட்டுப்பா, எறங்கணும்."

செவ்வாய்க் கிரகத்தில் எந்த ஊர்ப் பெயரையும் துணிந்து வைக்கலாம், அங்கே இறங்குவதற்கு ஆள் இல்லை என்பது மரியசூசைக்கு அப்போதுதான் உறைத்தது. உட்காருங்கள் என்று சொன்னால் எவரும் உட்காரப் போவதில்லை. சரியான பெயர் நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொன்னால் பை போய்விடும். வாய் திறந்தபடியே இருந்தது, சத்தம் வரவில்லை. பத்து கஜம்.

சொக்கு திரும்பினார். தம் தலைக்கு மேலே ஒரு கூடை முட்டை ஆடிக்கொண்டிருப்பதைக் கண்டார். அந்தப் பள்ளம் எவ்விடத்தில் தொடங்குகிறது என்பது அந்த பஸ்ஸில் எவரையும்விட அவருக்கே துல்லியமாகத் தெரியும்.

"உக்காருங்க எல்லாரும்" என்று அலறினார். "மெம்பர் பள்ளம், மெம்பர் பள்ளம் வருது."

ஐம்பத்தோரு பேரும் ஒரே கணத்தில் அமர்ந்து கம்பியைப் பற்றினார்கள். பஸ் இறங்கியது, ஏறியது. இரண்டு முட்டைகள் மட்டும் கூடையை விட்டுக் கிளம்பின. ஒன்று சலவைச் சட்டையில் முடிந்தது.

"அவரே சொல்லிட்டாரு" என்றாள் காளியாயி. "பெறகென்ன."

கண்டனூரில் இறங்கிய சொக்கு யாரையும் பார்க்காமல் எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்தார். பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு மரியசூசை பின்னாலேயே போய்க் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். கதவு சரியாக மூடவில்லை.

"ஆச்சி, நான் மெம்பர் பேசுறேன். அந்தப் புகாரை விட்ருங்க... ஆமா, வண்டியிலதான் வந்தேன்... அதெல்லாம் ஒண்ணும் ஆகலை, சட்டைதான்." சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கதவுக்கு வெளியே நின்றவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆனா ஒங்க கண்டக்டருக்குத் தொண்டை பத்தலை ஆச்சி. எம் பேரைச் சொன்னா கடைசி சீட்டுக்குக் கேக்க வேணாமா?"